வரவு ஜூரிக்கில், செலவு ஊர் தலையில்

சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் உட்கார்ந்து உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவின் ஆண்டறிக்கையை முழுசாகப் படிக்கிற ஆள் நான். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்; ஆட்டத்தை நடத்துகிறவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிப் பின்குறிப்பு வரைக்கும் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எனக்கு அது தொழில் வியாதி. மானியம் வாங்கிய சங்கங்கள், டிரஸ்டுகள், அரசு உதவியில் ஓடும் அமைப்புகள் என்று இவர்களின் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் பிழைப்பு. வவுச்சரைக் கண்டால் பில்லைத் தேடுவேன், பில்லைக் கண்டால் சரக்கு எங்கே என்பேன். ராத்திரி மேட்ச் பார்க்கும்போதும் அந்தப் புத்தி ஓய்வதில்லை.

ஃபிஃபா என்றாலே ஊழல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முடித்துவிட்டு அடுத்த மேட்சுக்குப் போய்விடுகிறார்கள். என் வருத்தம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊழல் என்ற சொல் கவருக்குள் வைத்துக் கொடுத்த நோட்டுக்கட்டோடு நின்றுவிடுகிறது. நோட்டுக்கட்டு எனக்கும் சுவாரஸ்யம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 2011 மே மாதம் டிரினிடாடில் ஒரு ஹோட்டலில் நடந்ததைப் படித்தபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கத்தாரின் முகமது பின் ஹம்மாம், செப் பிளாட்டரை எதிர்த்து ஃபிஃபா தலைவர் தேர்தலில் நிற்கிறார். கரீபிய நாட்டுச் சங்கங்களைக் கூட்டிப் பேசுகிறார். கூட்டம் முடிந்ததும் நிர்வாகிகளை ஒவ்வொருவராக ஓர் அறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பழுப்பு நிறக் கவர். பஹாமாஸ் சங்கத்தின் துணைத் தலைவர் ஃபிரெட் லன் தன் கவரைத் திறந்தால் 100 டாலர் நோட்டுகளாக 40,000 டாலர். மனிதர் அதைப் பரப்பி வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். என் சர்வீஸில் நான் பார்த்த எந்த அத்தாட்சியும் அந்த போட்டோவுக்குப் பக்கத்தில் நிற்காது.

நான்கு வருஷம் கழித்து, 2015 மே 27 விடியற்காலை, ஜூரிக்கின் பௌர் ஓ லாக் ஹோட்டலில் போலீஸ் புகுந்து ஏழு ஃபிஃபா நிர்வாகிகளைக் கைது செய்தது. அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு: 24 வருஷங்களில் 15 கோடி டாலருக்கு மேல் லஞ்சமும் கமிஷனும். உலகம் வாயைப் பிளந்தது.

இப்போது அந்த 15 கோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரேசிலியாவுக்கு வாருங்கள். 2014 உலகக் கோப்பைக்காகத் தலைநகரில் இருந்த மானே கரிஞ்சா மைதானத்தை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். செலவு ஏறத்தாழ மூன்று மடங்காக எகிறி 90 கோடி டாலரைத் தொட்டது. எல்லாம் அரசாங்கப் பணம். அரசுத் தணிக்கையாளர்கள் முக்கால்வாசிக் கணக்கைப் பார்த்த நிலையிலேயே சுமார் 27.5 கோடி டாலர் கூடுதல் பில் என்று குறித்தார்கள். அதில் ஒரு ஐட்டம் எனக்கு மனப்பாடம்: முன்கூட்டியே வார்த்த கேலரிப் பாகங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் போக்குவரத்துச் செலவு. ஆகியிருக்க வேண்டியது 4,700 டாலர். போட்ட பில் 15 லட்சம் டாலர்.

அதாவது 24 வருஷம், பல நாடுகள், டஜன் கணக்கில் நிர்வாகிகள் என்று எல்லாரும் சேர்ந்து வாங்கியதாகச் சொன்ன லஞ்சத்தைவிட ஒரே ஒரு மைதானத்தில் தணிக்கையாளர்கள் சுழித்த தொகை பெரிது. பௌர் ஓ லாக் படம் உலகம் முழுக்க முதல் பக்கம். 4,700 டாலர் லாரி வாடகை எத்தனை பேருக்குத் தெரியும்? 2017இல் பிரேசிலியாவின் முன்னாள் ஆளுநர்கள் இரண்டு பேர் இந்த மைதான விவகாரத்தில் கைதானார்கள். அதுவும் உள்ளூர்ச் செய்தியாகவே போயிற்று. அதற்குள் மைதானத்தின் பார்க்கிங் இடம் பஸ் டிப்போவாகியிருந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். உலகக் கோப்பை என்பது ஒரே நிகழ்ச்சி. ஆனால் அதற்கு ஒரே கணக்கு கிடையாது. வரவெல்லாம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது, அது ஜூரிக்கில் இருக்கிறது. பெருஞ்செலவெல்லாம் வேறு புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறது: நகராட்சி, மாகாணம், மத்திய அரசு, பொதுப்பணித் துறை, காவல் துறை, மெட்ரோ நிறுவனம். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை. யாரும் திருடாமலே இந்த ஏற்பாடு ஒருவனைப் பணக்காரனாகவும் இன்னொருவனைக் கடன்காரனாகவும் ஆக்கிவிடும். திருட்டு நடந்தால் அது போனஸ்.

ஜூரிக் புத்தகத்தைப் பார்ப்போம். அதைப் படிக்கவே ஒரு சூட்சுமம் தெரிய வேண்டும். ஃபிஃபா நான்கு வருஷத்தை ஒரு சுற்றாகக் கணக்கு வைக்கிறது. உலகக் கோப்பை வருமானத்தில் பெரும்பகுதி போட்டி நடக்கும் வருஷத்தில்தான் வரவாக ஏறும். மற்ற மூன்று வருஷ அறிக்கையை மட்டும் பார்த்தால் ஏதோ நலிந்த சங்கம் போலத் தெரியும். 2019 முதல் 2022 வரையிலான சுற்றின் மொத்த வருமானம் சுமார் 757 கோடி டாலர். ஒளிபரப்பு உரிமை மட்டும் 340 கோடிக்கு மேல். சுற்று முடிந்தபோது கையிருப்பு 400 கோடி டாலரை ஒட்டி நின்றது. அடுத்த சுற்றுக்கு முதலில் 1,100 கோடி என்று பட்ஜெட் போட்டார்கள், பிறகு 1,300 கோடியாக உயர்த்தினார்கள். சட்டப்படி இது என்ன அமைப்பு தெரியுமா? சுவிஸ் சிவில் சட்டம் 60ஆம் பிரிவின் கீழ் வரும் சங்கம். லாப நோக்கமில்லாதது. ஒரு கிராமத்துப் பாட்டுக் குழு தன்னைப் பதிவு செய்துகொண்டால் எந்தப் பிரிவோ அதே பிரிவு.

2022 கத்தார் போட்டிக்கென்று ஃபிஃபா ஒதுக்கியது ஏறத்தாழ 170 கோடி டாலர். அதில் 44 கோடி பரிசுப் பணம், கோப்பையை வென்ற அர்ஜென்டினாவுக்கு மட்டும் 4.2 கோடி. மீதி ஒளிபரப்பு ஏற்பாடு, அணிகளின் பயணம் தங்கல், நடுவர்கள், தொழில்நுட்பம் என்று போகும். எட்டு மைதானங்களில் ஏழு புதிதாகக் கட்டியவை. அந்தக் கட்டுமானச் செலவு இந்தப் புத்தகத்தில் இல்லை. மெட்ரோ இல்லை, சாலை இல்லை. வேலை செய்தவர்களின் கதையும் இல்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கத்தார் அரசிடம் எரிவாயுப் பணம் இருந்தது, தாங்கிக்கொண்டது. எல்லாரும் கத்தார் இல்லை.

என்னிடம் வேலை பழக வந்த பையன் ஒருவன், கெட்டிக்காரன், இதைக் கேட்டுவிட்டு, "சார், அது தனியார் சங்கம். அவங்க காசு, அவங்க கணக்கு. அரசாங்கம் இஷ்டப்பட்டு மைதானம் கட்டினா ஃபிஃபா என்ன சார் பண்ணும்?" என்றான். நல்ல கேள்வி. இஷ்டப்பட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் என்ன இஷ்டப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போட்டியைக் கேட்டு விண்ணப்பிக்கும்போதே நாட்டு அரசாங்கம் உத்தரவாதங்களில் கையெழுத்துப் போட வேண்டும். வரி விலக்கு. விசா, வேலை அனுமதிச் சலுகை. அந்நியச் செலாவணியைத் தடையில்லாமல் வெளியே கொண்டுபோக உரிமை. பாதுகாப்புச் செலவு. ஸ்பான்சர்களின் வணிக உரிமைக்குக் காவல். இதற்காகப் பாராளுமன்றங்கள் தனிச் சட்டமே போட்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்கா 2006இல் போட்டது, போட்டி சமயத்தில் தனி நீதிமன்றங்கள்கூடத் திறந்தது. பிரேசிலில் மைதானத்துக்குள் மது விற்கத் தடை இருந்தது. ஃபிஃபாவின் ஸ்பான்சர்களில் ஒன்று பீர் கம்பெனி. 2012இல் உலகக் கோப்பைக்கான பொதுச் சட்டம் வந்து அந்தத் தடையை விலக்கியது. வரி விலக்குக்கு 2010லேயே வேறு சட்டம் போட்டாகிவிட்டது. ஒரு சங்கத்தின் ஒப்பந்தத்துக்கு ஏற்றபடி ஒரு நாட்டின் சட்டம் வளைகிறது என்றால், அந்தச் சங்கத்தைத் 'தனியார்' என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா?

பிரேசிலில் இன்னொரு கூத்து. 2007இல் போட்டி கிடைத்தபோது அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ரிகார்டோ டெய்ஷெய்ரா, மைதானங்களைத் தனியார் பணத்தில் கட்டுவோம் என்றார். கடைசியில் பெரும்பாலும் அரசுப் பணத்தில்தான் கட்டினார்கள். பன்னிரண்டு மைதானம். அமேசான் காட்டின் நடுவில் மனாஸ் நகரத்தில் 40,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் எழும்பியது. உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நான்கே ஆட்டம். டெய்ஷெய்ராவைப் பற்றி 2012இல் சுவிஸ் நீதிமன்ற ஆவணம் ஒன்று வெளியே வந்தது. ஃபிஃபாவின் ஒளிபரப்பு உரிமைகளை விற்றுக்கொடுத்து, 2001இல் திவாலான ஐ.எஸ்.எல். என்ற கம்பெனியிடமிருந்து அவருக்குப் போனது 1.27 கோடி சுவிஸ் ஃபிராங்க். அவருடைய முன்னாள் மாமனார், 24 வருஷம் ஃபிஃபா தலைவராக இருந்த ஜோவோ ஹவலாஞ்சுக்கும் பங்கு போயிருந்தது. அந்தக் காலத்து சுவிஸ் சட்டத்தில் தனியார் நிறுவனத்துக்குள் கைமாறும் கமிஷன் குற்றமே இல்லை. அங்கே தலைமையகம் வைத்துக்கொண்டதற்கு மலைக்காற்று மட்டும் காரணமாக இருக்காது.

2013 ஜூனில் பிரேசில் தெருக்களில் பத்து லட்சத்துக்கும் மேலே ஜனம் இறங்கியது. பஸ் கட்டண உயர்வில் ஆரம்பித்தது, மைதானங்களின் வாசலுக்கு வந்தது. 'எங்களுக்கு ஃபிஃபா தரத்தில் ஆஸ்பத்திரி வேண்டும், ஃபிஃபா தரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும்' என்று அட்டை பிடித்தார்கள். கால்பந்தை உயிராக நினைக்கிற ஊரில்! 2025இல் மொராக்கோவில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அகாடிர் நகர அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன பெண்கள் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். 2030 உலகக் கோப்பைக்காகக் காசாபிளாங்கா பக்கத்தில் 1,15,000 பேர் உட்காரும் மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. மைதானம் இதோ இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே என்பதுதான் கோஷம். பன்னிரண்டு வருஷம், வேறு கண்டம், வேறு மொழி. அட்டையில் எழுதியது அதேதான்.

பணக்கார நாடுகள் இதில் மாட்டாது என்று நினைத்தால் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவின் 2026 உலகக் கோப்பையைப் பாருங்கள். புது மைதானம் தேவைப்படாத போட்டி என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான், பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தவை. ஆனால் புத்தகம் பிரிகிற இடம் மாறவே இல்லை. ஒளிபரப்பு, ஸ்பான்சர், டிக்கெட் எல்லாம் ஃபிஃபாவுக்கு. பாதுகாப்பு, போக்குவரத்து, ரசிகர் விழா எல்லாம் நகரத்துக்கு. டொரண்டோ 2018இல் தன் செலவை 3 கோடியிலிருந்து 4.5 கோடி கனடா டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டது. பிறகு 38 கோடிக்கு வந்து நின்றது. ஆட்டம் மொத்தம் ஆறு. வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு ஆறு கோடிக்கு மேல். அமெரிக்க மத்திய அரசு நகரங்களின் பாதுகாப்புச் செலவுக்கென்று 62.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பக்கம் ஃபிஃபா தன்னுடைய மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் கைமாறினால் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. தரகுத் தொழிலில் இருப்பவர்கள்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

சிகாகோ 2018லேயே விலகிக்கொண்டது. அந்நகர நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்றை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன்: ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் ஃபிஃபா தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற ஷரத்து; அதனால் வரிகட்டுகிறவர் தலையில் எவ்வளவு விழும் என்று தெரியாது என்றார்கள். ஒரு பக்கம் மட்டும் திருத்தக்கூடிய ஒப்பந்தம். என் கட்சிக்காரர் யாராவது இப்படி ஒரு பேப்பரைக் கொண்டுவந்தால், கையெழுத்துப் போடாதீங்க, முதல்ல வக்கீலைப் பாருங்க என்று அனுப்பிவிடுவேன். பதினாறு நகரங்கள் கையெழுத்துப் போட்டன.

சரி, கணக்குக் கேட்கலாம் அல்லவா? அரசாங்கம்தானே பணம் போடுகிறது, கேட்டுவிட்டால் போயிற்று. இங்கேதான் இரண்டாவது பூட்டு. ஃபிஃபா விதிகளின்படி ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வெளியார் தலையீடு இல்லாமல் சுதந்திரமாக இயங்க வேண்டும். அரசாங்கமும் வெளியாரில் சேர்த்தி. மீறினால் இடைநீக்கம். தேசிய அணி ஆட முடியாது, கிளப்புகள் கண்டப் போட்டிக்குப் போக முடியாது, ஜூரிக் பணம் நின்றுவிடும்.

இந்த விதியை முழுக்கத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மந்திரிகள் கையில் விளையாட்டுச் சங்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இராக் போதும். சதாமின் மகன் உதய் அங்கே கால்பந்துச் சங்கத்தின் தலைவன். தோற்றுவிட்டு வந்த வீரர்களைச் சிறையில் போட்டு அடித்தான். அந்த மாதிரி ஆளிடமிருந்து காப்பாற்றத்தானே இப்படி ஒரு விதி? 1997இல் ஃபிஃபா ஆள் அனுப்பி விசாரித்தது. சித்திரவதைக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதே விதி கென்யாவில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 2021 நவம்பரில், சங்கத்தில் பண முறைகேடு என்று விசாரணை அறிக்கை வந்ததை வைத்து விளையாட்டுத் துறை அமைச்சர் நிர்வாகக் குழுவைக் கலைத்து, தற்காலிகக் குழு ஒன்றை உட்கார வைத்தார். 2022 பிப்ரவரியில் ஃபிஃபா கென்யாவை இடைநீக்கம் செய்தது, கூடவே ஜிம்பாப்வேயையும். இரண்டு நாடுகளும் அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட முடியாமல் போயின. அமைச்சர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. தண்டனை யாருக்கு விழுந்தது? பணத்தைத் தின்றதாகச் சொல்லப்பட்டவருக்கா, இருபத்திரண்டு வயசில் நாட்டுக்காக ஒரு மேட்ச் ஆடக் காத்திருந்த பையனுக்கா? இந்தியாவில் 2022 ஆகஸ்டில், கால்பந்துக் கூட்டமைப்பை நடத்த உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழுவே தலையீடு ஆகிவிட்டது, ஃபிஃபா தடை போட்டது. அக்டோபரில் பெண்கள் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடக்க வேண்டும். அது போய்விடும் என்ற பயத்தில் நீதிமன்றம் குழுவின் பொறுப்பை முடித்துக்கொண்டது, சில நாளில் தடை நீங்கியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு சுவிஸ் சங்கத்தின் காலண்டரைப் பார்த்து அடுத்த தேதி குறித்தது.

தலையீட்டையும் தணிக்கையையும் ஒரே பெட்டியில் போட்டு அடைத்ததுதான் இந்த விதியின் கோளாறு. தலைவரை மாற்றுவது தலையீடு. நான் கொடுத்த பணத்துக்குப் பில் கேட்பது தலையீடு ஆகுமா? எந்த மானியத்துக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கிறோம். கேட்டவுடன், அணியை ஆட விடமாட்டேன் என்று எந்த டிரஸ்டும் என்னை மிரட்டியதில்லை. மிரட்ட முடிந்தால் மிரட்டும்.

நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மானியத்தில் கட்டிய கட்டடத்தைத் தணிக்கை செய்யப் போனால் நான் சிமெண்ட் பில்லைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பத்திரத்தைக் கேட்பேன். ஒரு தடவை, விளையாட்டுக் கூடம் ஒன்றுக்கு எல்லா வவுச்சரும் பளபளவென்று இருந்தது. மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பொறியாளர் சான்று, ஒரு காகிதம் குறையவில்லை. பத்திரத்தைக் கேட்டதும் காபி வந்தது, பேச்சு மாறியது, பத்திரம் வரவில்லை. கடைசியில் நிலம் நிர்வாகியின் மனைவி பேரில். கூடம் அரசுப் பணம், நிலம் அம்மாவுடையது. கூடத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டா போக முடியும்?

அதனால்தான் டிரினிடாடின் ஹவலாஞ்ச் பயிற்சி மையத்தின் கதை படித்தபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பின் தலைவர் ஜாக் வார்னர் கட்டியது. ஃபிஃபா பணம் சுமார் 2.6 கோடி டாலர் போயிற்று. 2013இல் அந்தக் கூட்டமைப்பின் நேர்மைக் குழு அறிக்கை கொடுத்தது: நிலம் வார்னரின் சொந்தக் கம்பெனிகள் பேரில். கூட்டமைப்பு பல வருஷம் அதைத் தன் சொத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தது. யாரும் பத்திரத்தைக் கேட்கவில்லை.

வவுச்சரில் எழுதும் விவரக் குறிப்பு இன்னொரு தங்கச் சுரங்கம். ஜெர்மன் கூட்டமைப்பு 2005இல் ஃபிஃபாவுக்கு 67 லட்சம் யூரோ அனுப்பியது. காரணம் என்று எழுதியது, 2006 உலகக் கோப்பைத் தொடக்க விழாக் கொண்டாட்டத்துக்குப் பங்களிப்பு. அந்தக் கொண்டாட்டம் நடக்கவே இல்லை. பணம் ஜூரிக்கில் இறங்கிய கையோடு அடிடாஸின் முன்னாள் தலைவர் ராபர்ட் லூயி டிரேஃபஸுக்குப் போய்ச் சேர்ந்தது, பழைய கடன் ஒன்றை அடைக்க. அந்தக் கடன் 2002இல் எங்கே போயிருந்தது? கத்தாரில், கவர் கொடுத்த அதே பின் ஹம்மாமின் கம்பெனிக்கு. எதற்காக என்று இன்றுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் மாட்டியது எதில் தெரியுமா? நடக்காத விழாவின் செலவைத் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழித்ததில். 2025 ஜூனில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் வரி ஏய்ப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இருபது வருஷம் கழித்து வருமான வரிக்காரன்தான் பிடித்தான். ஒரு கணக்குப்பிள்ளையாக எனக்கு அதில் அற்ப சந்தோஷம்.

ஜூரிக்கிலிருந்து கீழே இறங்கும் பணத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2016இல் ஆரம்பித்த ஃபிஃபா ஃபார்வர்டு திட்டத்தில் 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 லட்சம் டாலர் வரை உண்டு: நடைமுறைச் செலவுக்கு 50 லட்சம், திட்டங்களுக்கு 30 லட்சம். பழைய காலத்தில் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலரைக் கையில் கொடுத்து அனுப்பியதை ஒப்பிட்டால் இப்போது காகிதம், வெளித் தணிக்கை எல்லாம் கூடியிருக்கிறது. நிஜமாகவே புல்தரை முளைத்த நாடுகள் இருக்கின்றன. ஆனால் கணக்கின் அடியில் இருக்கும் அரசியலைப் பாருங்கள். 211 சங்கம், 211 ஓட்டு. ஐயாயிரம் பேர்கூட இல்லாத மான்செராட் தீவுக்கும் ஓர் ஓட்டு, பிரேசிலுக்கும் ஓர் ஓட்டு. பணத்தைப் பங்கிடுகிறவரே தேர்தலில் நிற்கிறவர். 80 லட்சம் ஜெர்மனிக்குச் சில்லறை, மான்செராட்டுக்கு ஆயுள். அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காததில் என்ன அதிசயம்?

2015 கைதுக்குப் பிறகு சீர்திருத்தம் வந்தது, மறுக்கவில்லை. அதற்கு முன்பே, 2013இல், போட்டியை ஒதுக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவிடமிருந்து எல்லாச் சங்கங்களும் உட்காரும் பேரவைக்குப் போயிருந்தது. 2026க்கான ஓட்டு 134க்கு 65 என்று எல்லார் கண்முன் விழுந்தது. ஆனால் காவலாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2016 மே மாதம், மேற்பார்வைக் குழு உறுப்பினர்களை நியமிக்கவும் நீக்கவும், பழைய நிர்வாகக் குழுவின் இடத்தில் வந்த ஃபிஃபா கவுன்சிலுக்கே அதிகாரம் கொடுத்தார்கள். தணிக்கைக் குழுத் தலைவர் டொமெனிகோ ஸ்காலா மறுநாளே ராஜினாமா செய்தார். அடுத்த மாதம் ஆடிட்டர் கே.பி.எம்.ஜி. விலகியது. 2017இல் நெறிமுறைக் குழுவின் இரண்டு தலைவர்களும் ஆளுகைக் கண்காணிப்புக் குழுத் தலைவர் மிகெல் மதுரோவும் மாற்றப்பட்டார்கள். என் தொழிலில் ஆடிட்டர் நடுவில் ராஜினாமா செய்தால், அடுத்து வருகிற ஆடிட்டர் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் கேட்பார்.

இத்தனைக்கும் மேலே ஒரு வரவு இருக்கிறது. அமெரிக்கா அந்த லஞ்ச வழக்கில் பறிமுதல் செய்த பணத்திலிருந்து 20.1 கோடி டாலர் வரை, பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர 2021இல் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் யார்? ஃபிஃபாவும் அதன் இரண்டு அமெரிக்கக் கண்டக் கூட்டமைப்புகளும் அவற்றில் அடங்கிய சில நாட்டுச் சங்கங்களும். நிர்வாகிகள் திருடியது அமைப்பின் பணத்தை. எனவே அமைப்பு பாதிக்கப்பட்ட தரப்பு. சட்டத்தில் ஓட்டையே இல்லை, சரியான தர்க்கம். பிரேசிலியாவின் வரிகட்டியவர் அந்தப் பட்டியலில் வருவதற்கு வழி இல்லை, அவர் வேறு புத்தகத்தில் இருக்கிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டி முடிந்து ஒரு வருஷத்துக்குள் ஒரே தாளில் இரண்டு பக்கம்: இடது பக்கம் இந்த நிகழ்ச்சியால் யாருக்கு எவ்வளவு வந்தது, வலது பக்கம் எந்த அரசாங்கம் எவ்வளவு போட்டது, எவ்வளவு வரியை விட்டுக்கொடுத்தது. நகரங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பின்னிணைப்பு. வரி விலக்கு வேண்டுமென்றால் இந்தத் தாள் வேண்டும் என்று ஒரு நாலைந்து பெரிய நாடுகள் சேர்ந்து சொன்னால் போதும். தனித்தனியாகப் போனால் நடக்காது. ஒருவன் பின்வாங்கினால் அடுத்தவன் கையெழுத்துப் போடத் தயாராக நிற்கிறான், ஃபிஃபாவின் பேரம் பேசும் பலமே அதுதான்.

ஆனால் அந்த 'அடுத்தவன்' என்பதும் இப்போது தேவைப்படவில்லை. 2024 டிசம்பர் 11 அன்று இணையம் வழியாக நடந்த பேரவையில் 2030, 2034 இரண்டு உலகக் கோப்பைகளும் ஒதுக்கப்பட்டன. 2030க்கு ஒரே கூட்டு விண்ணப்பம், 2034க்கு சவூதி அரேபியா மட்டும். ஓட்டுப்பெட்டி இல்லை. சங்கங்களின் தலைவர்கள் அவரவர் கேமரா முன்னால் கைதட்ட வேண்டும், அதுதான் முடிவு. நார்வே சங்கம் மட்டும், இந்த நடைமுறை சரியில்லை, நாங்கள் கைதட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தது. திரையில் கட்டம் கட்டமாக மற்றவர்கள் தட்டினார்கள். கைதட்டலில் எண்ணிக்கை எடுக்கிற வழக்கம் கிடையாது.